முப்பத்தொன்பதாவது நாள்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. மின் கட்டண ரசீதில் மட்டும் அது எழுத்துப்பிழையோடு அச்சாகி வரும். மற்றபடி தெருவும் கடையும் சொந்தபந்தமும் அவரை முப்பத்தெட்டு என்றுதான் கூப்பிடுகின்றன. அவரும் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டார்.

காரணம் எளிது. அவரிடம் நாள், வாரம், மாதம் என்கிற கணக்கே கிடையாது. எல்லாம் பேட்ச்தான். "பொண்ணு வேலைக்குப் போய் எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டால், "நாலு பேட்ச் முடிஞ்சுது" என்பார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியது எப்போது என்று பல் டாக்டர் கேட்டபோது, "போன பேட்ச்ல பத்தொன்பதாம் நாள்" என்று பதில் சொல்லி, அந்த அம்மாளைக் கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார வைத்தவர். ஒரு பேட்ச் என்றால் முப்பத்தெட்டு நாள். உள்ளங்கையில் அடங்கும் மஞ்சள் குஞ்சாக வந்து இறங்கி, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய வெள்ளைக் கோழியாக லாரி ஏறும் வரைக்குமான காலம். ஒரு பேட்சுக்குப் பத்தாயிரம் உருப்படி.

ஷெட்டு போடுவதற்கு முன்னால் அவர் மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்தார். மின்விசிறி, தண்ணீர் மோட்டார், மாவு அரைக்கும் இயந்திரம், எது எரிந்துபோனாலும் அவரிடம் வரும். ஒரு நாள் கோழிக் கம்பெனிக்காரர்கள் வந்து, குஞ்சும் நாங்கள் தருகிறோம், தீவனமும் நாங்கள் தருகிறோம், நீங்கள் சும்மா பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள். அந்தச் 'சும்மா'வை நம்பியவர்களில் இவரும் ஒருவர். கையெழுத்துப் போட்ட பிறகுதான் பங்கு பிரிப்பு புரிந்தது. குஞ்சு கம்பெனியுடையது. தீவனம் கம்பெனியுடையது. மருந்து கம்பெனியுடையது. ஷெட்டு இவருடையது, தண்ணீர் இவருடையது, நாற்றம் இவருடையது. கோழியும் இவருடையதுதான், செத்துப்போனால்.

ஆனாலும் மனிதர் வேலைக்காரர். ஷெட்டின் ஒரு கோடியில் எட்டு பெரிய மின்விசிறிகள். வீட்டு வாசலில் காபி குடித்துக்கொண்டே, "ஆறாவது ஃபேன்ல பேரிங் போகப் போகுது" என்பார். மறுநாள் போகும். அவர் மனைவி ஒரு தடவை சொன்னாள், "எனக்கு இருமல் வந்து மூணு நாள் ஆச்சு. அது காதுல விழல. ஃபேன் இருமினா மட்டும் விழுது." அவர் மறுக்கவில்லை. இருமலுக்குப் பேரிங் கிடையாதே என்று மட்டும் கேட்டார். அன்று அவருக்கு மதியச் சாப்பாடு தாமதமானது.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஷெட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் கதவை மூன்று தடவை தட்டுவார். மெல்ல ஒரு கனைப்பு. பிறகு ஒரு நிமிடம் நின்று, அதன்பின்தான் தாழ்ப்பாளைத் தொடுவார். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். உள்ளே யார், மாமியாரா என்று கேட்டவர்களும் உண்டு. அவருக்குக் கவலை இல்லை. திடீரென்று கதவைத் திறந்தால் பத்தாயிரமும் பயந்து ஒரு மூலைக்கு ஓடும். ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அடியில் கிடப்பது மூச்சுத் திணறிச் சாகும். முதல் வருடத்தில் அப்படி ஒரு காலையில் முன்னூற்றுச் சொச்சத்தை அள்ளிப் போட்டவர். அன்றிலிருந்து தட்டுகிறார். தட்டினால் எல்லாம் தலையைத் தூக்கும், யாரோ வருகிறார்கள் என்று தயாராகும், அவ்வளவுதான். இதை எந்தப் புத்தகத்திலும் அவர் படிக்கவில்லை. செத்ததை அள்ளிய கை சொல்லிக்கொடுத்தது.

அவர் ஒன்றும் ஜீவகாருண்ய மூர்த்தி இல்லை. அதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கோழிக்கறி சாப்பிடுவார், அதுவும் இரண்டாவது தடவை கேட்டுச் சாப்பிடுவார். எலும்பைக் கடித்துப் பார்த்து, வளர்த்தவன் தண்ணீர்க் குழாயைக் கழுவுகிறானா இல்லையா என்று தீர்ப்பும் சொல்லுவார். அவருக்கு இருந்த எரிச்சல் வேறு. அவர் தொடங்கிய காலத்தில் இதே எடைக்குக் கோழி வர நாற்பத்தைந்து நாளுக்கு மேல் ஆகும். அப்போது யாரும் அவருக்குப் பட்டப்பெயர் வைக்கவில்லை. பிறகு கம்பெனி ஒவ்வொரு வருடமும் புதுப் புது ரகக் குஞ்சாக இறக்கியது. உடம்பு முன்னால் ஓடிவிட்டது, கால் பின்தங்கிவிட்டது. கடைசி வாரத்தில் பாதிக்கு மேல் உட்கார்ந்தபடியேதான் இருக்கும். நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். தினமும் காலையில் அவற்றுக்கு நடுவே மெல்ல நடந்து, எழவே முடியாதவற்றைத் தேடி எடுப்பது அவர் வேலை. அதற்குப் பிறகு செய்ய வேண்டியதையும் அவர்தான் செய்வார். அதைச் செய்துவிட்டு வந்த காலைகளில் வீட்டில் யாரும் அவரிடம் பேசக் கூடாது. யாரும் பேசவும் மாட்டார்கள்.

தூரத்தில் ஒரு நகரத்தில் வேலை பார்க்கும் மகள், வாரத்துக்கு ஒரு தடவை பேசும்போது ஏதாவது ஒரு குண்டைத் தூக்கிப் போடுவாள்.

"அப்பா, இந்த மாதிரி பண்ணையாலதான் பூமி சூடாகுதாம். படிச்சேன்."

"பூமியைச் சூடாக்குறது நான்னே வெச்சுக்கோ. இங்க ஷெட்டைக் குளிர வைக்க எட்டு ஃபேனோட மல்லுக்கு நிக்குறேனே, அது யாரு கணக்குல வருது?"

"அதுவும் சூட்டுக் கணக்குலதான் வரும்ப்பா. கரண்டு."

அவர் போனை மனைவி கையில் கொடுத்துவிடுவார். மகள் சொன்னது தவறு என்று அவருக்குத் தோன்றியதில்லை. அதுதான் எரிச்சல். ஷெட்டுக்குப் பின்னால் எச்சமும் மரத்தூளும் கலந்த குப்பை மலை மாதிரி கிடக்கிறது. முன்பெல்லாம் பக்கத்து வயல்காரர்கள் உரத்துக்கு எடுத்துக்கொண்டு போவார்கள். இப்போது, உங்கள் கோழி தின்கிற மருந்து எங்கள் மண்ணுக்கு வேண்டாம் என்கிறார்கள். மழை பெய்தால் அந்த மலை கரைந்து கிணற்றுப் பக்கம் நடக்கிறது. கம்பெனியிடம் சொன்னால், "குப்பை ஒப்பந்தத்துல வராது அண்ணே" என்கிறார் சூப்பர்வைசர். தின்பது வரை கம்பெனி. தின்ற பிறகு இவர்.

சூப்பர்வைசர் என்பவர் நாற்பது ஷெட்டுக்கு ஒரே ஆள். முப்பது வயது இருக்கும். பாதி நாள் பைக்கில், மீதி நாள் போனில். போனில் அவரைப் பிடிக்க முயன்றால் முதலில் ஒரு பெண் குரல், "உங்கள் பண்ணையின் நலமே எங்கள் நலம்" என்று சொல்லும். அதைக் கேட்டுக் கேட்டு முப்பத்தெட்டின் மனைவிக்கு மனப்பாடம். சாம்பார் கொதிக்கும்போது அவளே அந்தக் குரலில் சொல்லிப் பார்ப்பாள்.

இப்போது அந்த நாளுக்கு வருவோம்.

கோழி ஏற்றுவதில் ஒரு விதி இருக்கிறது. லாரி வருவதற்கு எட்டு மணி நேரம் முன்னால் தீவனத்தை நிறுத்திவிட வேண்டும். வயிறு காலியாக இருந்தால்தான் அறுக்கும் இடத்தில் அழுக்காகாது. தீவனத் தட்டுகள் எல்லாம் ஒரே கம்பியில் வரிசையாகத் தொங்குகின்றன. சுவரில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் தட்டுகள் மொத்தமாக மேலே போகும், கோழிக்கு எட்டாத உயரத்துக்கு. தண்ணீர் மட்டும் இருக்கும். விடியற்காலை நாலு மணிக்கு லாரி என்று செய்தி வந்தது. முந்தின இரவு எட்டு மணிக்கு அவர் கைப்பிடியைச் சுற்றினார். விடிந்தால் முப்பத்தெட்டாவது நாள். எல்லாம் ஒழுங்கு.

நாலு மணிக்கு லாரி வரவில்லை. ஆறு மணிக்கும் வரவில்லை. ஏழு மணிக்குப் பெண் குரலைத் தாண்டி சூப்பர்வைசர் கிடைத்தார்.

"அறுக்குற இடத்துல மெஷின் நின்னு போச்சு அண்ணே. ரெண்டு மணி நேரத்துல சரியாயிடும். தட்டை இறக்கிடாதீங்க."

"பதினோரு மணி நேரம் ஆச்சு தம்பி."

"ரெண்டு மணி நேரம்தான் அண்ணே. நீங்க இறக்கினா மறுபடியும் எட்டு மணி நேரம் காயப் போடணும். என் அட்டவணை போச்சு. தீனி வயித்தோட லோடு போச்சுன்னா மொத்தமும் திருப்பி அனுப்புவாங்க. அப்புறம் அடுத்த பேட்ச் குஞ்சு உங்களுக்கு வராது. நான் சொல்லலை, மேல சொல்றாங்க."

மேலே யார் என்று முப்பத்தெட்டு இத்தனை வருடத்தில் பார்த்ததில்லை. ஆனால் சொன்னதன் பொருள் தெரியும். குஞ்சு வராவிட்டால் ஷெட்டு வெறும் தகரம். முன்னூறு அடி நீளக் கட்டடம். கல்யாண மண்டபமும் ஆக்க முடியாது, குடோனும் ஆக்க முடியாது. இருபது வருட நாற்றம் சுவரில் ஊறியிருக்கிறது.

பதினோரு மணிக்கு ஒரு வண்டி வந்தது. லாரி இல்லை, கார். அதிலிருந்து ஒரு பெண் இறங்கினார். கம்பெனி தன் கோழிப் பொட்டலத்தின் மேல் 'சிரிக்கும் கோழி' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டப் போகிறது. கோழிகள் நலமாக வளர்கின்றன என்பதற்கு அடையாளம். அதற்காக ஷெட்டு ஷெட்டாகப் போய்ச் சோதித்து மதிப்பெண் போடும் அலுவலர் அவர். தலை முதல் கால் வரை வெள்ளை உறை, கையில் டேப்லெட், அன்று அவருக்கு இது மூன்றாவது ஷெட்டு, இன்னும் மூன்று பாக்கி. முகத்தில் வெயில் ஏறியிருந்தது.

"வாங்க மேடம்" என்று முப்பத்தெட்டு கதவை மூன்று தடவை தட்டினார். கனைத்தார். நின்றார்.

"எதுக்கு சார் தட்டுறீங்க?"

"நம்ம வர்றோம்னு சொல்ல வேண்டாமா."

அலுவலர் டேப்லெட்டில் எதையோ குறித்துக்கொண்டார். முப்பத்தெட்டுக்கு உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை. இத்தனை வருடத்தில் இதை ஒருவர் எழுதிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

உள்ளே நுழைந்ததும் அலுவலரின் கண்ணில் நீர் வந்தது.

"எரியுதா மேடம்?"

"இல்ல சார், கொஞ்சம் ஜலதோஷம்."

அவர் பையிலிருந்து ஒரு கருவியை எடுத்து நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார். காற்றில் அம்மோனியா எவ்வளவு என்று பார்க்கும் கருவி. பச்சை விளக்கு எரிந்தது.

"அதைக் கீழே வெச்சுப் பாருங்க மேடம். கோழி கீழேதான இருக்கு."

"ஃபார்ம்ல ஒன்றரை மீட்டர் உயரத்துல வைக்கணும்னு இருக்கு சார்."

"ஒன்றரை மீட்டர் உயரத்துக்குக் கோழி இருந்தா நான் இந்த ஷெட்டுக்குள்ளேயே வர மாட்டேன்."

அலுவலருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். ஃபார்மில் சிரிப்புக்குக் கட்டம் இல்லை. அடுத்து, 'மனமகிழ்ச்சிப் பொருட்கள் தொங்கவிடப்பட்டுள்ளனவா' என்று ஒரு கேள்வி. கம்பெனி அனுப்பிய இருபது வண்ணப் பிளாஸ்டிக் சரங்கள் கூரையிலிருந்து தொங்கின. கொத்தி விளையாடுவதற்காம். குஞ்சாக இருந்தபோது அதைப் பார்த்துப் பயந்து ஓடின. இப்போது எழுந்து போய்க் கொத்தக் காலில் தெம்பில்லை. ஆனால் சரங்கள் தொங்கின. அது உண்மை. டேப்லெட்டில் ஆம் என்று ஒரு தட்டு.

பிறகு அலுவலர் நிமிர்ந்து பார்த்தார். தீவனத் தட்டுகள் எல்லாம் அவர் தலைக்கு மேலே, காலியாக. கீழே பத்தாயிரம் கோழிகள், முப்பத்தெட்டின் செருப்பு எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கமே கழுத்தை நீட்டிக்கொண்டு. எழ முடிந்தவை எழுந்து வந்தன. மற்றவை உட்கார்ந்தபடி மரத்தூளைக் கொத்தின. ஒன்று முப்பத்தெட்டின் பேன்ட் மடிப்பைக் கொத்தி, அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் மறுபடி கொத்தியது.

"சார், கேள்வி பதினாலு. 'கோழிகளுக்கு எந்நேரமும் தீவனம் கிடைக்கிறதா?'"

"இல்ல."

"இல்லன்னு போட்டா ஃபெயில் ஆயிடும் சார்."

"லாரி வருதுன்னு தூக்கச் சொன்னாங்க. தூக்கினேன். லாரி வரல. பதினஞ்சு மணி நேரம் ஆச்சு."

"அப்ப அது கேள்வி பதினஞ்சுல வரும். 'ஏற்றுவதற்கு முன் விதிப்படி தீவனம் நிறுத்தப்பட்டதா?' அதுக்கு ஆம்."

"அதுல எட்டு மணி நேரம்னு இருக்கே மேடம்."

"குறைஞ்சது எட்டு மணின்னு இருக்கு சார். அதிகபட்சம்னு எதுவும் இல்ல." அவர் டேப்லெட்டை மேலும் கீழும் தடவிப் பார்த்தார். இல்லைதான். "பதினாலு சாதாரண நாளுக்கு. பதினஞ்சு ஏத்துற நாளுக்கு. இன்னைக்கு என்ன நாள் சார்?"

"அதை லாரிதான் சொல்லணும்."

அலுவலர் தன் வெள்ளை உறையைக் கொத்த வந்த ஒரு கோழியைப் பார்த்தார். "லாரி வரலன்னு போட இதுல இடம் இல்ல சார்" என்றார், மன்னிப்புக் கேட்பது போல. "நான் குறிப்புல எழுதலாம். குறிப்பை யாரும் படிக்க மாட்டாங்க. போன மாசம் ஒரு ஷெட்டுல கூரையே இல்லன்னு எழுதினேன். பாஸ் ஆயிடுச்சு."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"நான் மதிப்பீடுதான் பண்ணலாம். ஆலோசனை சொல்லக் கூடாது" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். காருக்குப் போகிற வழியில் நின்று, ஷெட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அதற்கும் கட்டம் இல்லை.

மதியம் வெயில் தகரத்தைப் பிடித்துக்கொண்டது. எட்டு விசிறியும் ஓடின. சூப்பர்வைசர் பன்னிரண்டு மணிக்கு ரெண்டு மணி நேரம் என்றார். இரண்டு மணிக்கும் அதையே சொன்னார். நாலரைக்குப் போன் செய்தபோது குரலே மாறியிருந்தது.

"இன்னைக்கு இல்ல அண்ணே. நாளைக்குக் காலையில."

"சரி. அப்ப தட்டை இறக்குறேன்."

"வேண்டாம் அண்ணே. யோசிச்சுப் பாருங்க. இப்ப இறக்கினா நைட்டு எப்படியும் மறுபடி தூக்கணும். நடுவுல எவ்வளவு நேரம்? அதுக்கு இப்படியே விட்டுடலாமே. ஏற்கெனவே பாதி வேலை முடிஞ்சிருக்கு."

இருபது மணி நேரப் பட்டினியை ஒருவன் பாதி வேலை என்கிறான். அதில் வேலை யாருடையது?

"தம்பி, நீ மதியம் சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல அண்ணே, நாற்பது ஷெட்டுலேர்ந்து போன்."

"போய்ச் சாப்பிடு முதல்ல" என்று வைத்துவிட்டார். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சூப்பர்வைசர் நிஜமாகவே போய்ச் சாப்பிட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் போன் எடுக்கவில்லை.

அவர் வாசலில் உட்கார்ந்தார். எழுந்தார். ஷெட்டு வரைக்கும் போனார், திரும்பினார். மனைவி துணி உலர்த்திக்கொண்டே இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இந்த நடையை நாலு நாளைக்கு நடந்தா டாக்டர் சொன்ன கணக்கு முடிஞ்சிடும்."

"இறக்கினா குஞ்சு தர மாட்டாங்க."

"தெரியும்."

"ஷெட்டு சும்மா கிடக்கும்."

"அதுவும் தெரியும். மறுபடி காயில் கட்டுங்க."

"இப்ப யாரு காயில் கட்டுறாங்க. எரிஞ்சா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குறாங்க." சற்று நின்று, "எப்படியும் நாளைக்கு அறுக்கத்தானே போறாங்க. ஒரு நாள் தின்னா என்ன, தின்னாட்டி என்ன?" என்றார்.

அது அவருடைய கேள்வி இல்லை. நாள் முழுக்கப் போனில் கேட்ட கேள்விதான் அவர் வாய் வழியாக வெளியே வந்தது. மனைவி துணிக்கு மாட்டுகிற கவ்வியைப் பல்லிலிருந்து எடுத்தாள்.

"நாளைக்கு ஊருக்குப் போற விருந்தாளிக்கு இன்னைக்குச் சோறு போட மாட்டீங்களா?"

ஷெட்டுக்குப் போய்க் கதவை மூன்று தடவை தட்டினார். கனைத்தார். உள்ளே போய்ச் சுவரில் இருந்த கைப்பிடியைப் பிடித்தார். சுற்றாமல் பிடித்தபடியே நின்றார். பின்னால் வந்த மனைவி, "தள்ளுங்க" என்று அதைத் தானே சுற்ற ஆரம்பித்தாள். தட்டுகள் இறங்கின. தீவன மோட்டார் ஓடியது. அடுத்த நிமிடம் எழுந்த சத்தத்தில் எட்டு விசிறியும் காணாமல் போயின. எழ முடியாது என்று அவர் நினைத்திருந்த சில கோழிகள்கூட இறக்கையை ஊன்றி, தவழ்ந்து, தட்டு வரைக்கும் வந்துவிட்டன. வர முடியாத ஏழெட்டுக்கு அவர் கையால் அள்ளி முன்னால் வைத்தார்.

அப்போது மணி ஐந்து. ஐந்து நாற்பதுக்கு லாரி வந்தது.

வேண்டுமென்றே எழுதினால்கூட இப்படி எழுத யாருக்கும் மனம் வராது. ஆனால் வந்தது. காலிப் பெட்டிகள் அடுக்கிய பெரிய லாரி, கோழி பிடிக்கும் ஆட்கள் எட்டுப் பேர், ஓட்டுநர் இருக்கையில் அவர் மனைவியின் தம்பி.

"மெஷின் சரியாயிடுச்சு மாமா. முதல் லோடே உங்களுதுதான். கதவைத் திறங்க."

"முடியாது மச்சான்."

"ஏன்?"

"சாப்பிட்டுட்டு இருக்கு."

மச்சான் ஒரு நிமிடம் அவரைப் பார்த்தான். "யாரு?"

"கோழிங்க."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். மச்சானுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கீழே இறங்கி, அக்காவைப் பார்த்தான். அக்கா கையில் தீவனத் தூசி.

"அக்கா, நீயாவது சொல்லு. லாரியைக் காக்க வெச்சுட்டுக் கோழி சாப்பிடுதுன்னு நான் யாருகிட்ட போய்ச் சொல்வேன்? கூட ஊறுகாய் வேணுமான்னு கேப்பானுங்க."

"நீயும் உட்காரு, காபி தரேன்" என்றாள் அக்கா.

சூப்பர்வைசர் போனில் வந்தார். இப்போது பெண் குரல் எல்லாம் இல்லை, நேராக அவரே. "ஏத்திடுங்க அண்ணே. நாளைக்குன்னு நான்தான் சொன்னேன். இன்னைக்கே சரி பண்ணிட்டாங்க. நல்லதுதானே."

"தீனி வயித்துல இருக்கு. நீதானே லோடு திரும்பும்னு சொன்ன?"

"இப்பதானே போட்டீங்க. யாருக்குத் தெரியும். ஏத்துங்க."

"வயிறு நிறைஞ்சதைக் காலைப் பிடிச்சு ஒரு கையில நாலு நாலாத் தலைகீழாத் தூக்குவாங்க தம்பி. என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா? அப்புறம் அங்க போய்க் குடல் கிழிஞ்சு அழுக்கானா, தட்டை இறக்கினது யாருன்னு என் பேரைத்தான் எழுதுவாங்க."

"உங்க பேரு எப்படியும் எழுதியாச்சு அண்ணே." அதைச் சொல்லும்போது சூப்பர்வைசரின் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "நீங்க ஏன் அண்ணே இப்படிப் பண்ணீங்க. நாற்பது பேர்ல ஒருத்தரும் இறக்கலை."

முப்பத்தெட்டு கதவைத் திறக்கவில்லை. கதவுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். காபி குடித்து முடித்த மச்சான், "எனக்குச் சொந்தக்காரரே கிடைக்கலையா உலகத்துல" என்று முணுமுணுத்துக்கொண்டே லாரியைப் பின்னால் எடுத்து, வேறு ஷெட்டுக்குப் போனான். அங்கே கோழிகள் இருபத்திரண்டு மணி நேரமாகக் காலி வயிற்றோடு, விதிப்படி, தயாராக இருந்தன.

கம்பெனி மறுநாள் காலை ஆறு மணி என்று நேரம் கொடுத்தது. இரவு பத்து மணிக்குத் தட்டுகள் மறுபடி மேலே போயின. காலையில் லாரி ஆறு மணிக்கு டாண் என்று வந்து நின்றது. இத்தனை வருடத்தில் லாரி சொன்ன நேரத்துக்கு வந்தது அன்று ஒரு நாள்தான். பத்தாயிரத்தையும் ஏற்றி முடிக்க மூன்று மணி நேரம். பெட்டிக்குள் திணிக்கும்போது கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தவற்றை முப்பத்தெட்டு ஒவ்வொன்றாக உள்ளே மடித்து வைத்தார். அவர் எதையும் காப்பாற்றவில்லை. ஐந்து மணி நேரம் சாப்பாடு போட்டார், அவ்வளவுதான். அந்த பேட்ச் மட்டும் முப்பத்தொன்பது நாள் வாழ்ந்தது.

செய்தி கடைத்தெருவுக்கு அவருக்கு முன்னாலேயே போய்விட்டது. "என்ன முப்பத்தொன்பது, சாப்பாடு ஆச்சா?" என்றார் டீக்கடைக்காரர். "பந்தியில இலை எல்லாம் போட்டீங்களா, இல்ல தட்டுதானா?" என்றார் பக்கத்தில் இருந்தவர். முப்பத்தெட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். மகளிடம் மட்டும் மனைவி போனில் எல்லாவற்றையும் சொன்னாள். "அப்பாகிட்ட குடு" என்றாள் மகள். அவர் வாங்கிக்கொண்டதும், "பூமி சூடாகுறதுக்கு நீங்க மட்டும் காரணம் இல்லப்பா" என்றாள். அவளால் கொடுக்க முடிந்த அதிகபட்சச் சலுகை அது.

பத்து நாள் கழித்து ஒரே உறையில் இரண்டு காகிதங்கள் வந்தன.

முதல் காகிதம் கம்பெனியுடையது. ஏற்றும் அட்டவணைக்கு ஒத்துழைக்காத காரணத்தால், மறு அறிவிப்பு வரும் வரை தங்கள் பண்ணைக்குக் குஞ்சு வழங்குவது நிறுத்திவைக்கப்படுகிறது.

இரண்டாவது காகிதம் மதிப்பீட்டு முடிவு. தங்கள் பண்ணை 'சிரிக்கும் கோழி' தகுதியைப் பெற்றுள்ளது. மதிப்பெண் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. காற்று: சிறப்பு. மனமகிழ்ச்சிப் பொருட்கள்: சிறப்பு. தீவனம்: விதிப்படி. உறையில் ஒரு வட்ட ஸ்டிக்கரும் இருந்தது. அதில் ஒரு கோழி பல்லைக் காட்டிச் சிரித்தது. கோழிக்கு ஏது பல் என்று முப்பத்தெட்டின் மனைவி கேட்டாள். அதைக் கேட்கவும் ஃபார்மில் இடம் இருந்திருக்காது.

கடைசியில் ஒரு வரி: மதிப்பெண் குறைந்ததற்கான காரணம். "பண்ணையாளர் உள்ளே நுழையும் முன் கதவைப் பலமுறை தட்டி, கோழிகளுக்குத் தேவையற்ற ஒலித் தொந்தரவு ஏற்படுத்துகிறார். பதினைந்து நாட்களுக்குள் இக்குறையைக் களைந்து, எடுத்த நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்கவும்."

முப்பத்தெட்டு அதை மூன்று தடவை படித்தார். முதல் தடவை முகம் சிவந்தது. இரண்டாவது தடவை ஸ்டிக்கரைக் கசக்கப் போனார், கசக்கவில்லை. மூன்றாவது தடவைக்குப் பிறகு எழுந்து போய் ஷெட்டைப் பார்த்துவிட்டு வந்தார். மரத்தூள் அள்ளிக் கழுவித் தரை காய்ந்து கிடந்தது. விசிறிகள் நின்றிருந்தன. இருபது வண்ணச் சரங்களும் காற்றில்லாமல் தொங்கின. பின்னால் குப்பை மலை அப்படியே இருந்தது, யாருடைய ஒப்பந்தத்திலும் வராமல்.

"பதில் எழுதலைன்னா ஸ்டிக்கரை வாங்கிட்டுப் போயிடுவாங்களோ?" என்றாள் மனைவி.

"வாங்கிட்டுப் போகட்டும். ஆனா பதில் எழுதணும். கேட்டிருக்காங்கல்ல."

காயில் கட்டிய காலத்தில் ரசீது எழுதிப் பழகிய கை. ஒரு தாளை எடுத்து, தேதி போட்டு, தன் முழுப் பெயரைப் பிழையில்லாமல் எழுதி, கீழே இரண்டே வரி எழுதினார்:

"தாங்கள் சுட்டிய குறை சரிசெய்யப்பட்டுவிட்டது. இப்போது கதவைத் தட்டுவதில்லை. உள்ளே யாரும் இல்லை."

ஒரு வாரத்தில் பதில் வந்தது. திருத்த நடவடிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. மதிப்பெண் நூறு.